சின்ன எஞ்சின் குடித்த பெற்றோல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பிக்கப் வாங்கினேன். யப்பானில் ஓடித் தேய்ந்த வாகனங்கள் கொழும்புக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. எனக்குக் கல்முனையில் நெல் வியாபாரம். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களில் நெல்லை வாங்கி ஊர் மில்லுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை வாடகை லொறிக்காரர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன், இனி எவனிடமும் நிற்பதில்லை என்று கிளம்பிப் போனேன்.

விற்கும் இடத்தில் இரண்டு வகை நின்றன. ஒன்றின் எஞ்சின் ஆயிரத்து அறுநூறு சிசி. மற்றது வெறும் ஆயிரம். என் மனைவியின் தம்பி மருதமுனையில் இருந்தான். அவன் ஏற்கனவே பெரிய எஞ்சின் பிக்கப் ஒன்று வைத்திருந்ததால் அவனையும் கூட்டிப் போயிருந்தேன்.

"மச்சான், பாரம் ஏத்துறதெண்டா பெரிசை எடுங்க. சின்னன் சரிவராது" என்றான்.

"நீ பெற்றோல் செட்காரனுக்கு உழைக்கிறாய். நான் என்ட புள்ளைகளுக்கு உழைக்கிறன்" என்றேன். பக்கத்தில் நின்ற தரகன் சிரித்தான். நானும் சிரித்தேன். சின்ன வயிறு குறையத்தானே தின்னும்? இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். என் அறிவில் எனக்கு எப்போதுமே நல்ல நம்பிக்கை. என் கதை முழுக்க அதுதான் கெடுதி.

ஓட்டுவதற்கு ஓர் ஆளை வைத்தேன். என் வயதுக்காரன், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. பன்னிரண்டு வருடம் உழவு மெசின் ஓட்டியவன். அதிகம் பேசமாட்டான். அவனுக்கு நான்கு பெண் பிள்ளைகள், கடைசிக்கு நான்கு வயது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுக்கிற தகப்பன் வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூத்தவளுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி முடித்து, அவளுக்கான வீட்டின் சுவரையும் ஜன்னல் மட்டம்வரை எழுப்பியிருந்தான். அந்த மனிதனின் முழு வாழ்க்கையும் அந்த அரைச் சுவரில் நின்றது.

பிக்கப்பில் பெற்றோல் காட்டுகிற முள் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. ஆகவே நான் ஒரு மெல்லிய கமுகஞ்சிலாகையைச் சீவி, அதில் கத்தியால் கோடு கோடாக வெட்டி, காலையும் மாலையும் பெற்றோல் தாங்கிக்குள் விட்டுப் பார்ப்பேன். முதல் அறுவடைக் காலத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. மச்சானின் பெரிய எஞ்சின் ஒரு கலனில் எவ்வளவு தூரம் ஓடியதோ, அதில் பாதியைத் தாண்டவே என்னுடையது மூச்சு வாங்கியது.

மச்சான் ஏற்றியது மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன் கட்டுகள். பஞ்சுப் பாரம், தார் போட்ட கரையோரத் தெரு, மேடு பள்ளம் இல்லை. நான் ஏற்றியது இருபது நெல் மூடை. கிறவல் பாதை, வாய்க்கால் கட்டு, தெருவுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிற தாம்போதியில் இறங்கி ஏறுகிற இடம். இந்த வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. எஞ்சின் குடிக்கவில்லை என்றால் வேறு யாரோ குடிக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

டிரைவர் முதலில் பணிவாகத்தான் சொன்னான்.

"மொதலாளி, இது களவில்ல. வண்டிக்கு இழுக்க ஏலாம இரிக்கு. வயல்ல இருந்து மில் மட்டும் ரெண்டாம் கியர்லதான் வாறன். கால அடியில அமத்தியே வெச்சிருக்க வேண்டி வருது. எட்டு மூடையக் குறைங்க, குடிக்கிறதும் குறையும்."

"எஞ்சின் சின்னன். சின்னன் எப்பிடிடா கூடக் குடிக்கும்?"

"சின்னன் எண்டதாலதான் மொதலாளி."

எனக்கு இது நக்கலாகப் பட்டது. மறுநாளே தாங்கியின் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். திறப்பை என் இடுப்பு வாரில் கோத்துக்கொண்டேன். பின்னேரம் சிலாகையை விட்டுப் பார்த்தால், பூட்டுப் போடுவதற்கு முன் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவேதான் குறைந்திருந்தது. மூளை உள்ளவன் அந்த இடத்திலேயே நின்று, அப்படியானால் களவு இல்லை என்று முடிவு செய்திருப்பான். நான், அவன் கள்ளத் திறப்பு வெட்டிவிட்டான் என்று முடிவு செய்தேன். அவனுடைய சோற்றுப் பையைக் கூலிக்காரர்கள் முன்னால் கொட்டித் தேடினேன். ஒரு வாழையிலைப் பொதியும் வெற்றிலைத் துண்டும் விழுந்தன. அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டான். பொறுக்கும்போது அவன் கை நடுங்கியதைப் பார்த்து, இது கள்ளனின் நடுக்கம் என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் மில் முற்றத்தில், இருபது பேர் கேட்கச் சத்தம் போட்டேன். "நீ கள்ளன் இல்லாட்டி பள்ளியில வந்து சத்தியம் பண்ணு பாப்பம்!"

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய அடி இல்லை. பள்ளிவாசலில் சத்தியம் செய்ய உண்மைக்காரனும் அஞ்சுவான். ஏனென்றால் சத்தியத்தோடு காரியம் முடியாது, அதற்குப் பிறகு நாற்பது நாள் இருக்கிறது. அந்த நாற்பது நாளுக்குள் சத்தியம் செய்தவனின் வீட்டில் சாவோ பெரிய கேடோ விழுந்தால், அவன் பொய்ச் சத்தியம் செய்தான் என்று ஊர் தீர்த்துவிடும். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று லெப்பை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஊர் லெப்பையின் பின்னால் தொழும், நாட்களைத் தானே எண்ணும். இதற்குப் பயந்தே செய்யாத களவை ஒப்புக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். அவனும் அப்படி ஒப்புக்கொள்வான் என்றுதான் எதிர்பார்த்தேன்.

ஆனால் கதை நிந்தவூருக்குப் போய்விட்டது. சத்தியம் செய்து நாற்பது நாள் நல்லபடியாகக் கழிந்தால் கல்யாணம், இல்லையென்றால் பேச்சு முறிந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு அவனுக்கு வேறு வழி இல்லை.

சத்தியத்தை ஒரு நாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வைத்தார்கள். அவன் வுழுச் செய்துவிட்டு, நனைந்த முகத்தோடு வந்து இருந்தான். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கிற தலைமை மரைக்கார் நல்ல மனிதர். "பெற்றோல் களவெடுத்து விக்கல்ல எண்டு சொன்னாப் போதும்" என்றார். நான் விடவில்லை. "ஒரு துளிகூட எடுக்கல்ல எண்டு சொல்லட்டும்" என்றேன். மரைக்கார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவன் குர்ஆனில் கை வைத்து, "இவர்ட வாகனத்துட பெற்றோல்ல நான் ஒரு துளிகூட எடுக்கல்ல, வல்லாஹி" என்றான். குரல் தெளிவாக இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாற்பது நாளையும் நான் எண்ணினேன். காலையில் எழும்பியதும் அவன் ஒழுங்கையில் என்ன செய்தி என்று விசாரிப்பேன். கோழி செத்ததாம் என்றார்கள், கோழியெல்லாம் கணக்கில் சேராது என்று மில்லில் ஒருவன் சொன்னான், எல்லோரும் சிரித்தோம். இருபது நாள் போனது. முப்பது போனது. அவன் பள்ளிக்கு வந்து போகும்போது முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறத் தொடங்கியிருந்தது. மூத்தவளின் வீட்டுச் சுவருக்கு மேலே இன்னும் இரண்டு வரிசைக் கல் ஏறியது.

முப்பத்து மூன்றாம் நாள் அவனுடைய கடைசிப் பிள்ளை மௌத்தானது. இரண்டு நாள் காய்ச்சல், பிறகு வலிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் தாயின் மடியிலேயே போய்விட்டதாம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் இதை எழுதியே பயனில்லை. நாலு வயதுப் பிள்ளை செத்த செய்தி கேட்டு, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று என் நெஞ்சு குளிர்ந்தது. ஜனாஸாவுக்குப் போய் முன் வரிசையில் நின்று தொழுதேன். ஆட்கள் எனக்கு விலகி வழி விட்டார்கள். அவனுக்கு யாரும் கை கொடுத்து ஆறுதல் சொல்லவில்லை, அல்லாஹ்வே தீர்ப்புக் கொடுத்த ஆளுக்கு என்ன ஆறுதல் சொல்வது? ஒரு வாரத்தில் நிந்தவூர்ப் பேச்சு முறிந்தது. கல்முனையில் ஒருவரும் அவன் கையில் ஸ்டேரிங் கொடுக்கவில்லை. அவன் கரைவலை இழுக்கிற கூலிக்குப் போனான்.

நான் வேறொரு டிரைவரை வைத்தேன். பிக்கப் அதே அளவுதான் குடித்தது. இவனும் கள்ளன் என்று இரண்டு மாதத்தில் துரத்தினேன். பிறகு நானே ஓட்டினேன். அப்போதும் அதே அளவுதான். என்னை நானே பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சத்தியம் கேட்க முடியாதல்லவா? அடுத்த அறுவடையின் நடுவில் பிக்கப் படுத்துவிட, மச்சானுடைய பெரிய எஞ்சினை மூன்று நாள் இரவல் வாங்கினேன். அதே வயல், அதே இருபது மூடை, அதே தாம்போதி. பெரிய எஞ்சின் மூன்றாம் கியரில் பாட்டுக்கு ஏறி வந்தது. மூன்றாம் நாள் சிலாகையை விட்டுப் பார்த்தேன். பிறகு அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தேன். என்னுடையது குடிப்பதைவிடக் குறைவாகவே குடித்திருந்தது.

கராஜ் வைத்திருந்தவர் கல்முனைத் தமிழர், கிறிஸ்தவ வேதக்காரர். என் பிக்கப்புக்குக் கீழே படுத்தபடியே சொன்னார்: "சின்ன எஞ்சின் வெறும் வண்டிக்குத்தான் லாபம். பாரம் ஏத்தினா அதுக்கு மூச்சு முட்டும், கூடக் குடிக்கும். கண்டுக்குட்டியப் பூட்டி நெல்லு இழுத்தா என்ன நடக்கும்? உங்கட பழைய டிரைவர் இதை உங்களுக்குச் சொல்லல்லையா?"

சொல்லவில்லை என்றேன்.

பிக்கப்பை நிந்தவூர்க் கடைக்காரர் ஒருவருக்கு விற்றேன். சின்ன எஞ்சின், குறையக் குடிக்கும் என்று சொல்லித்தான் விற்றேன். பள்ளிக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் ஒரு காரணம் கிடைத்தது. ஒன்றரை வருடத்துக்குக் காரணம் தீரவில்லை. மனைவியிடம் மட்டும் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என் கோப்பையில் சோறு போடுவதை நிறுத்தினாள்.

"போய் அந்த மனிசன்ட காலப் பிடிங்க. மறுமையில உங்கட கழுத்தப் பிடிப்பான். போகாம இந்த வீட்டுல சோறு தின்னாதீங்க" என்றாள். வீடு அவளுடையது. எங்கள் ஊரில் வீடு எப்போதும் பெண்ணுடையதுதான். போனேன்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. அவன் வலை இழுத்துவிட்டு வந்து, உப்புப் பூத்த காலோடு வாசலில் இருந்தான். என்னைக் கண்டதும் பதறி எழும்பி, வீட்டுக்குள் இருந்த ஒரே கதிரையைக் கொண்டுவந்து போட்டான். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நானே உங்களத் தேடி வர இருந்தன் மொதலாளி. முகம் இல்லாமத்தான் வரல்ல." அவன் தரையில் குந்தினான். "சத்தியம் பண்ணக்குள்ள எனக்கு ஞாபகமே வரல்ல. புள்ள மௌத்தாகி ஏழாம் நாள்தான் வந்த. நீங்க பூட்டுப் போட முன்ன ஒரு நாள், றோட்டுக்குத் தார் ஊத்தின இடத்துல சின்னவள் மிதிச்சிட்டாள். கால் முழுக்கத் தார். தேங்காயெண்ணெய் போட்டும் போகல்ல, எரியுது எண்டு அழுதாள். வண்டியில இருந்து ஒரு போத்தல் மூடி பெற்றோல் எடுத்துச் சீலையில நனைச்சுத் துடைச்சு விட்டன். ஒரு மூடிதான் மொதலாளி. நான் துளிகூட எடுக்கல்ல எண்டு குர்ஆன்ல கை வெச்சுச் சொன்னன். அதுக்குத்தான் அல்லாஹ் அவளையே எடுத்துட்டான். நீங்க சொன்னதுதான் சரி. என்னை மன்னிச்சு, அந்த மூடியை எனக்கு ஹலாலாக்கித் தாங்க."

உள்ளே அவன் மனைவி அழுவது கேட்டது. நான் சொல்ல வந்தது நாக்கின் நுனியில் இருந்தது. எஞ்சின்தான் குடித்தது, நீ குடிக்கவில்லை, துளி என்ற சொல்லை நான்தான் உன் வாயில் திணித்தேன், காய்ச்சலில்தான் பிள்ளை போனது. இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும்.

"ஹலால்" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டான். மூத்தவளுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது, இரண்டாம் தாரம்தான், பரவாயில்லை. பள்ளியில் எல்லார் முன்னாலும் நான் அவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னால் அவர்கள் பெண்ணை எடுப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்றேன். அவன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து இருந்தான். "இந்த ஆள் என்ட பெற்றோல்ல எடுத்ததை ஒத்துக்கொண்டிட்டான். நான் அல்லாஹ்வுக்காக மன்னிச்சிட்டன்" என்றேன். பள்ளி முழுதும் ஆமீன் என்றது. தலைமை மரைக்கார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டித் தழுவினார். எங்களுக்குள் ஹலாலாகிவிட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னேன். அன்று பகல் மனைவி எனக்குச் சோறு போட்டாள்.