மஞ்சளா, வெள்ளையா? பல்ப் கடைக்காரன் பட்ட பாடு

பல்ப் விற்பவனுக்கு ஊரில் ஒரே ஒரு மரியாதைதான் உண்டு: எந்த வீடு இருண்டாலும் ஏச்சு முதலில் அவனுக்குத்தான். கல்முனையில் இருபது வருடமாக மின்சாரச் சாமான் கடை வைத்து அந்த மரியாதையைக் குறைவில்லாமல் பெற்று வருகிறேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்தே கன்னம் நொந்துபோன சகோதரர்களே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

முதலில் ஒரு விசயம். என் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாவின் வேலை. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். நான் கட்டி முடித்த அந்த வீட்டைப் பார்க்க மாப்பிள்ளையின் உம்மா வெள்ளிக்கிழமை அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வீட்டு முன் ஹோல் சுவரிலோ மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. சுவர் கட்டிய மேசன் "அது ஒண்டும் செய்யாது" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் அதன்மேல் சீமெந்துப் பசை அப்பி, பெயின்ட் அடித்து, மறந்துவிட முயன்றுகொண்டிருந்தேன். அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள்தான் கீழே இருப்பவர்கள்.

நூறு என்றால் நூறு

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். அவர் வீட்டு விறாந்தையில் இருந்த நூறு வோட்ஸ் மஞ்சள் பல்ப் போய்விட்டது. நான் பன்னிரண்டு வோட்ஸ் எல்.ஈ.டி. ஒன்றை நீட்டினேன். நூற்றுக்குப் பன்னிரண்டு எடுத்த பையனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். வோட்ஸ் என்பது பல்ப் தின்னும் கரண்ட், தரும் வெளிச்சமல்ல, வெளிச்சத்துக்குப் பெட்டியில் லூமென் என்று வேறு கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பெட்டி முழுவதையும் வாசித்தார். வாசித்த பிறகும் நம்பவில்லை.

கடைசியில் ஹோல்டரில் மாட்டி எரித்தே காட்டினேன். கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டவர் சொன்னார்: "வெளிச்சம் சரிதான் தம்பி. ஆனா பன்னிரண்டுக்கெல்லாம் நான் பாஸ் போடுறல்ல. நூறு வந்தாச் சொல்லுங்க."

சூடே வராது

தம்பிலுவிலில் கோழி வளர்க்கும் அக்கா ஒருவர் திங்கட்கிழமை என்னிடம் எல்.ஈ.டி. வாங்கிப் போனார். "கரண்ட் மிச்சம் அக்கா, சூடே வராது, கையால தொட்டுப் பாருங்க" என்று வாய் கிழியப் பேசித்தான் விற்றேன். எங்கே போடப் போகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. புதன்கிழமை அதே பல்போடு திரும்பி வந்தார். குஞ்சுப் பெட்டிக்குள் இருந்த பழைய மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு இதைத் தொங்கவிட்டிருக்கிறார். நல்ல வெளிச்சத்தில், குளிர் தாங்காமல், குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றனவாம். உடனே அடுப்படிக்குத் தூக்கிப் போனதால் தப்பின.

தட்டின் அடியில் கிடந்த கடைசி மஞ்சள் பல்பைத் தேடியெடுத்து, தூசி துடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "விக்கிறத்துக்கு முதல் எங்க போடப்போறீங்க எண்டு ஒரு வார்த்த கேக்கப்படாதா தம்பி? குஞ்சு வாய் திறந்து சொல்லுமா?"

மீனின் வயது

சந்தையில் மீன் விற்கும் என் மச்சான், ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுப்பவர், இரண்டு வெள்ளைப் பல்புகளைக் கொண்டுவந்து மாற்றித் தரச் சொன்னார். பழுதா என்றேன், இல்லை என்றார். வெளிச்சம் காணாதா என்றேன், காணும், அதுதான் பிரச்சினை என்றார். மஞ்சள் வெளிச்சத்தில் காலையில் பிடித்ததுபோல் இருந்த பாரை மீன், வெள்ளையில் தன் வயதைச் சொல்லிவிடுகிறதாம். சனம் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறதாம்.

மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.ஈ.டி. இரண்டைக் கொடுத்தேன். கூடவே வியாபாரத்தில் நேர்மை பற்றி, பள்ளிவாசலில் செய்வதுபோல் ஒரு சின்னப் பயானும் இலவசமாகச் செய்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மகள்ர வீட்டுக்கு வெள்ளையா போடப்போறீங்க மச்சான்? மறைக்க ஒண்டும் இல்லாட்டிப் போடுங்க."

வெள்ளிக்கிழமை

கேட்டேனா? பல்ப் கடைக்காரனின் மகள் வீடு ஊரிலேயே பிரகாசமாக இருக்க வேண்டாமா? ஹோலுக்கு மட்டும் ஆறு வெள்ளை, அதுவும் சுவரோரமாக.

மாப்பிள்ளையின் உம்மா ஸலாம் சொல்லி உள்ளே வந்தார். ஆறு பல்பும் ஒன்றாக எரிந்தன. பகலில் என் கண்ணுக்கே தெரியாத வெடிப்பு, அப்பிய பசையோடு, கூரையிலிருந்து தரைவரை புடைத்துத் தெரிந்தது. என் மனைவி தேத்தண்ணித் தட்டோடு போய் அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். அறை வாசலில் நின்ற மகளின் முகம் வெளிறிவிட்டது. இதைவிடச் சின்னக் காரணத்துக்குக் குழம்பிய கலியாணங்களை நான் அறிவேன்.

அவர் என் மனைவியை மெதுவாக விலக்கிவிட்டு, வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அண்ணனை அழைப்பதுபோல் அழைத்துச் சொன்னார்: "என்ட மூத்த மகன்மாருக்குப் பாத்த வீடெல்லாம் மங்கல் லைட்டுல வெடிப்ப மறைச்சித்தான் காட்டினாங்க காக்கா. நீங்க ஒராள்தான் லைட்டப் போட்டுக் காட்டுறீங்க. வேற மேசனப் புடிச்சி இத ஒழுங்காப் பூசுங்க. நிகாஹ் சொன்ன தேதிக்கே நடக்கும், இன்ஷா அல்லாஹ்."

இருபது வருடம் பல்ப் விற்று எனக்குக் கிடைத்த ஒரேயொரு நேர்மையாளன் பட்டம், சொந்த மகள் வீட்டுக்குப் பல்ப் தெரிவு செய்யத் தெரியாததற்காகக் கிடைத்தது.