வளைவில் வந்த ரேஞ்ச்

பெங்களூர் கம்பெனி எல்லோரையும் ஆபீசுக்குத் திரும்பச் சொல்லிவிட்டது. எனக்கோ கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கக்கூட இல்லை. மறையூரில் ஜீப் ஓட்டும் புது மாப்பிள்ளையை விட்டுவிட்டு எவள் போவாள்?

நல்லவேளை, எங்கள் ஊர் ஜீப்காரர் சங்கம் ஒரு வெப்சைட் கேட்டது. சுற்றுலா வருகிறவர்கள் அதில் சவாரி பதிவு செய்வார்கள். டிரைவர் தன் போனில் ‘எடுக்கிறேன்’ பொத்தானை அமுக்கினால் வரிசையில் அடுத்த சவாரி அவருக்கு. வெப்சைட்டை முதலில் ஒருநாள் ஓட்டிப் பார்ப்பார்கள். சரியாக வந்தால் தொடர்ந்து பராமரிக்கும் வேலையும் எனக்கே, சொதப்பினால் பெங்களூர்.

காந்தளூர் மலைப்பாதையில் பாதி தூரம் போனுக்கு ரேஞ்ச் இருக்காது. அதற்கும் ஒரு வித்தை செய்திருந்தேன். அமுக்கியது போனிலேயே தங்கியிருந்து, ரேஞ்ச் வந்ததும் தானாகப் போய்ச் சேரும். அதை எழுதி முடித்த அன்று கண்ணாடி முன் நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

சோதனை நாள் காலையில் ஜீப் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் முதல் சவாரியை மேலே இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மலையடி வளைவில்தான் ரேஞ்ச் வரும். அவர் ஜீப் அங்கே வந்திருக்க வேண்டும், என் திரையில் மளமளவென்று வரிகள் விழுந்தன. அன்றைய சவாரி அத்தனையும் அவர் பெயரில்!

“இது என்னா கூத்து?” சங்கத் தலைவர் டீயை வைத்துவிட்டு எழுந்தார். “பொண்டாட்டி புரோகிராம் எழுத, புருசன் பூரா ஓட்டத்தையும் அள்ளிக்கிருவாரா?”

அதற்குள் புருசனே வந்து இறங்கினார். “நான் என்னண்ணே செஞ்சேன்? மேல ரேஞ்சு இல்ல. அமுக்குனா ஒண்ணும் அசையல. அசையட்டும்னு அமுக்கிக்கிட்டே வந்தேன்.”

பயத்தில் நான் அழுதிருக்க வேண்டும். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர் அமுக்கிய ஒவ்வொரு தடவையையும் ஒரு தனி சவாரியாக என் புரோகிராம் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது! கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் பெயரில் விழுந்ததையெல்லாம் வரிசைக்குத் திருப்பிவிட்டு, புரோகிராமைத் திருத்தினேன். முதல் அமுக்கலுக்கு ஒரு டோக்கன் எண். அது போய்ச் சேரும்வரை எத்தனை தடவை அமுக்கினாலும் அதே டோக்கன்தான். அதை சர்வர் ஒருமுறைக்கு மேல் வாங்காது.

“அண்ணே, நீங்களே மேல போய் கை வலிக்கிற வரைக்கும் அமுக்குங்க” என்றேன் தலைவரிடம்.

வன்மத்தோடு கிளம்பினார். அவர் திரும்பும் நேரத்தில் டிரைவர்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் முண்டியடித்து நின்றார்கள். திரையில் ஒரு வரி விழுந்தது. மூச்சுவிடாமல் பார்த்தோம். அடுத்தது வரவேயில்லை. எவரோ விசிலடித்தார், நான் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தேன்.

தலைவர் கையை உதறிக்கொண்டே இறங்கினார். “கட்டவிரலே போச்சும்மா. ஒண்ணே ஒண்ணுதானா?”

“ஒண்ணே ஒண்ணுதாண்ணே.”

“அப்ப வேலை ஒனக்குத்தான். ஒன் வீட்டுக்காரரு மட்டும் இன்னிக்கு வரிசையில கடைசி.”

சாயங்காலம் அந்தக் கடைசி ஆள் என்னை ஜீப்பில் மேலே கூட்டிப்போனார். குளிரில் டீ குடித்துக்கொண்டே போனில் பெங்களூருக்கு ராஜினாமா மெயில் எழுதி, அனுப்பு என்று அமுக்கினேன்.

“போயிருச்சா?”

“ரேஞ்ச் இல்ல. வளைவுலதான் போகும்.”

இறங்கும்போது ஜீப்பை மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தார். “இப்பக்கூட யோசிச்சுக்க. பெரிய சம்பளம்.”

“ஓட்டுங்க.”

வளைவில், மெயில் போய்விட்டதென்று போன் சிணுங்கியது. நான் ஒரே ஒரு தடவைதான் அமுக்கியிருந்தேன்.