புதுச்சத்திரத்தில் நின்ற நாற்காலி வண்டி

மூன்று நாளாகக் காயாத பள்ளிக்கூட யூனிபார்முக்கு ஒரு வாடை உண்டு. பாதி சோப்பு, பாதி நனைந்த சாக்கு. என் பத்தாவது வயதின் மழைக்காலம் எனக்கு அந்த வாடையாகத்தான் நினைவிருக்கிறது. கடலூர் வருஷத்தில் பத்து மாதம் வெயிலில் கிடக்கிற ஊர் என்பதால், பழைய டவுனில் எங்கள் வீட்டைக் கட்டியவர் மழை என்று ஒன்று வரும் என்பதையே மறந்துவிட்டுக் கட்டியிருந்தார். துணி காயப்போட மொட்டைமாடியை விட்டால் வேறு இடம் கிடையாது. அதனால் ஐப்பசி பிறந்துவிட்டால் அம்மா எங்கள் நீளமான, ஒடுக்கமான ஹாலில் மின்விசிறிக்குக் கீழே ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, முதுகில் சட்டையும் இருக்கையில் பேண்ட்டுமாக விரித்து வைத்துவிடுவாள். அப்படி ஒரு மத்தியானம் கரண்ட் போய், விசிறி நின்று, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நான் எத்தனையாவது முறையோ நடந்து திரும்பியபோது, துறைமுகம் ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டி நீளமாக ஊதியது. அந்த அரை இருட்டில் பார்த்தால், ஐந்து சட்டைகள் ஐந்து நாற்காலிகளில், தலை மட்டும் இல்லாமல், எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"டேய் ஆன்டோ!" என்று ஏழு வயதுத் தம்பியை உலுக்கி எழுப்பினேன். "இங்க பாருடா, வண்டி! ஜனமெல்லாம் ஏறி உக்காந்துட்டாங்க, நாமதான் இன்னும் எடுக்கல!"

அதற்கு முன்னால் நாங்கள் மழைக்கு என்னதான் செய்து பார்க்கவில்லை? வெயில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் இருக்கத் தெரியாது; எங்கள் விளையாட்டெல்லாம் தெருவிலும் சில்வர் பீச் மணலிலும் கிடந்தன. பள்ளிக்கூடம் லீவு என்று டிவியில் எழுத்து ஓடிய நிமிஷம் குதிப்போம், ஒன்பது மணிக்கு 'புக் கிரிக்கெட்' ஆரம்பித்துப் பத்து மணிக்குள் உலகக் கோப்பையே முடித்துவிடுவோம். கேரம் போர்டு ஈரத்தில் உப்பிப்போய், அடித்த காய் ஒரு சாண் நகர்ந்து நின்றுவிடும். 'ராஜா ராணி' ஆட ஆள் போதாது. இரண்டே பேர் என்றால் திருடன் யார் என்று சீட்டைப் பிரிக்காமலே தெரிந்துவிடும். பதினொரு மணிக்கு எல்லாம் தீர்ந்து போயிருக்கும், மழை மட்டும் அப்படியே இருக்கும்.

அப்பா எங்களைவிட மோசம். துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் பிளான்ட்டில் மெக்கானிக். படகு கடலுக்குப் போகவில்லை என்றால் ஐஸ் யாருக்கு வேண்டும்? ஆக, மழைக்கு அவருக்கும் லீவு. "மழையில சும்மா உக்காந்தவன் வீட்டுல மழை ரெண்டு நாள் ஜாஸ்தி நிக்கும்" என்பார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மிக்ஸி முன்னால் உட்காருவார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துத் திரும்ப மாட்டுவார். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். அதை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார்.

மழைக்கு லீவு இல்லாத ஒரே ஆள் அம்மா. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "ஆஸ்பத்திரிக்கு மழைன்னா என்னா, வெயில்னா என்னா" என்று சொல்லிக்கொண்டே விடியற்காலை பாசஞ்சரைப் பிடிக்கப் போவாள், மத்தியான வண்டியில் ஏறினால் நாலு மணிக்குள் வீட்டில் இருப்பாள். கிள்ளையில் கூடையோடு ஏறுகிற அக்காக்கள், பரங்கிப்பேட்டையில் இறங்கும்போது தினமும் குடையை மறக்கிற ஒரு பெரியவர், எல்லாரும் அவள் வாயிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தவர்கள். நாங்கள் அந்த வண்டியில் போனது இரண்டோ மூன்றோ தடவைதான், ஆனால் ஸ்டேஷன் ஒன்று விடாமல் தெரியும்.

ஆகவே தண்டவாளம் போடுவதில் எங்களுக்குக் குழப்பமே இல்லை. பின்பக்கத்துச் சமையலறை சிதம்பரம். எப்போதும் தண்ணீர் நிற்கிற குளியலறை வாசல் கிள்ளை. கருவாட்டு டப்பா இருக்கும் அலமாரி பரங்கிப்பேட்டை. அங்கிருந்து ஹாலுக்கு வருகிற இடுக்கு நடை புதுச்சத்திரம். ஹாலில் ஃப்ரிட்ஜ் ஆலப்பாக்கம், வாசற்கதவு துறைமுகம். நாற்காலிக் கால்களை அம்மாவின் பழைய துப்பட்டாக்களால் பிணைத்து, முன்னால் நான் இழுக்க, பின்னால் ஆன்டோ தள்ள, ஈர மொசைக்கில் வண்டி 'கிறீச்' என்று கிளம்பும். தள்ளுகிறவனே டி.டி.ஆரும். இரண்டாவது நாற்காலி எப்போதும் அம்மாவுக்கு. அவளுடைய மாற்று வெள்ளைக் கோட்டை அதில் மாட்டி, பையில் காலாவதியான சீசன் டிக்கெட் ஒன்றைச் செருகியிருந்தோம். கடைசி நாற்காலியில் அப்பாவின் லுங்கி. பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் அது இறக்கிவிடப்படும்.

"ஏன்டா, என் லுங்கிய மட்டும் எறக்கி எறக்கி வுடுற?" என்பார் அப்பா, மிக்ஸியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"டிக்கெட் எடுக்கல. அதான்."

அம்மாவுக்கு மட்டும் இந்த ரயில்வே பிடிக்கவில்லை. துவைத்த துணி தரையில் விழும், மொசைக்கில் கோடு விழும். "நீங்க வண்டி ஓட்டுறதுக்கா நான் துணி அலசிப் போட்டேன்?" என்று ஒரே கேள்வியில் துப்பட்டாக்களை அவிழ்த்துவிடுவாள். அம்மா வீட்டில் இருந்தால் வண்டி ரத்து. மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பின்னால் வரப்போகிற எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அது மழையின் நாலாவது நாள். விடியற்காலையில் குடையோடு வாசலில் நின்ற அம்மா, தெருவில் சாக்கடைப் பாலம் மூழ்கியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "இன்னைக்கு லீவு சொல்லிடட்டுமா? போக மனசே இல்ல" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார், வாயில் நுரை. நான் முந்திக்கொண்டேன்.

"நீ போனாத்தானம்மா நைட் டூட்டி அக்கா வீட்டுக்குப் போவாங்க? போம்மா. ஆன்டோவ நான் பாத்துக்குறேன்."

அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "எம் பொண்ணு வளந்துட்டா" என்று அப்பாவிடம் சொன்னாள். வளர்ந்த பெண்ணின் மனசில் இருந்தது வேறு: அன்றைக்கு வண்டியில் ஸ்டூலைச் சேர்த்து ஆறாவது பெட்டி மாட்டுவதாக இரவே முடிவு செய்திருந்தேன். அம்மா தெருமுனை திரும்புவதற்குள் துப்பட்டா என் கையில் இருந்தது.

மத்தியானம் வழக்கம்போல அம்மாவின் வண்டி சிதம்பரத்தை விட்டுக் கிளம்பும் நேரத்துக்கே எங்கள் வண்டியும் சமையலறையை விட்டுக் கிளம்பியது. இடுக்கு நடைக்குள் நாற்காலிகளை நுழைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. வீடு முழுக்கக் கேட்கிற அளவுக்கு அம்மா கத்திப் பேசினாள்.

"புதுச்சத்திரத்துல நிக்குதுங்க! ஆலப்பாக்கம் பக்கம் தண்டவாளத்து மேல தண்ணி போவுதாம். எப்ப எடுப்பான்னு யாருக்கும்..."

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. அப்புறம் அப்பா எத்தனை தடவை போட்டாலும் அதே பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

ஆன்டோ நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்தினான். "அம்மா வண்டி புதுச்சத்திரத்துல நிக்குதுல்ல? நம்ம வண்டியும் இங்கயே நிக்கட்டும்."

நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் நண்பரை அப்பா கூப்பிட்டார். "மச்சான், வண்டி எப்ப எடுப்பானாம்? தெரியலன்னா என்னா மச்சான் அர்த்தம்?" வாசலுக்குப் போய் முழங்கால் தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பி வந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், எதையும் பிரிக்காமல் கீழே வைத்தார். அப்பாவின் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

ஐந்து மணிக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. ஜன்னல், கதவு, ஜன்னல் என்று நடந்து நடந்து, கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது: எங்கள் வண்டி வாசற்கதவைத் தொட்டுவிட்டால் அம்மாவும் வந்துவிடுவாள். பத்து வயதுக்கு இது நம்புகிற விஷயம் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன்.

ஆன்டோ பாய்ந்து வந்து இரண்டாவது நாற்காலியைக் கட்டிக்கொண்டான். "அம்மா ஏறாம வண்டிய எடுக்கக் கூடாது! நீ எடுத்துட்டா அம்மா புதுச்சத்திரத்துலயே நின்னுடுவாங்க!"

"அம்மா வண்டிக்குள்ளதான்டா இருக்காங்க!"

"தண்ணி குடிக்க எறங்கியிருந்தா?"

இழுத்தேன். அவனும் விடவில்லை. நாற்காலி சாய்ந்து, வெள்ளைக் கோட்டு ஈரத் தரையில் விழுந்தது. ஆன்டோ அழவில்லை, என்னை நேராகப் பார்த்து, "நீதான அம்மாவப் போவச் சொன்ன" என்றான். தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன், காலையில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

நான் கோட்டை எடுத்து உதறி, என் பாவாடையில் துடைத்து, நாற்காலியில் மாட்டிப் பொத்தான் எல்லாம் போட்டேன். பிறகு நடையிலேயே, சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது. மெழுகுவர்த்தி எடுக்கச் சமையலறைக்குப் போக வந்த அப்பா, வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டியையும் அதற்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற எங்களையும் பார்த்தார். ஒதுங்கி நுழைந்து, பரங்கிப்பேட்டையில் இறக்கிவிடப்பட்டுக் கிடந்த லுங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டிக்கெட்?" என்றான் ஆன்டோ.

"எடுக்கலடா."

"பரவால்ல. உக்காருங்க."

ஆறரை தாண்டிக் கேட் சத்தம் கேட்டது. செருப்பு கையில், இடுப்பு வரை நனைந்து, தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். "ஒரு மணி நேரம் பாத்தேன். எடுக்குற மாதிரி தெரியல. நாலு பேரு எறங்குனாங்க, நானும் எறங்கி மெயின் ரோட்டுக்கு நடந்துட்டேன். காய்கறி டெம்போ ஒண்ணு ஏத்திக்கிச்சு, அதுவும் ஊர்ந்து ஊர்ந்து..."

"எறங்கிட்டீங்களா?" ஆன்டோவுக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் சிரிப்பு மூட்டுகிறது. "நாங்க உங்களுக்காக இவ்ளோ நேரம் வண்டியப் புடிச்சு வெச்சிருக்கோம்!"

அம்மா பார்த்தாள். நாற்காலிகள், அவிழ்ந்த துப்பட்டா, கடைசிப் பெட்டியில் லுங்கியோடு அப்பா, பொத்தான் போட்ட கோட்டு. கோட்டின் அழுக்குக்குத் திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். அவள் துண்டைக்கூட வாங்கவில்லை. கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, ஏறிட்டேன். எடு வண்டிய."

அப்பா இறங்கித் தள்ளினார். ஆள் ஏறிய வண்டி அதற்கு முன் நாங்கள் இழுத்ததே இல்லை. மொசைக்கில் விழுந்த கோடு இன்றைக்கும் இருக்கிறது. ஆலப்பாக்கத்தில் நிற்காமல் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். வாசற்கதவில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள்: "நல்லவேளை நீ போகச் சொன்ன பாப்பா. நான் போவலன்னா அந்த நைட் டூட்டி பொண்ணு ரெண்டு டூட்டி சேத்துப் பாத்திருக்கும்."

ஆன்டோ என்னைப் பார்த்தான். நான் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த வண்டியின் ஒரு பெட்டிகூட வீட்டில் இல்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கால் உடைந்து பழைய பிளாஸ்டிக்காரரிடம் போயின. அந்த இடத்தில் மூன்று பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத ஒரு சோபா. வாஷிங் மெஷின் சுற்றிப் பிழிந்து தருவதால் தலையில்லாத பயணிகள் யாரும் மழைக்கு ஹாலில் வந்து உட்காருவதில்லை, அந்த வாடையும் இல்லை. ஆன்டோ சென்னையில் வேலை பார்க்கிறான். அம்மா முட்டி வலியால் வேலையை விட்டுவிட்டாள். நான் இதே ஹாலில், மடிக்கணினியில், வீட்டிலிருந்தே வேலை.

போன வாரம் பெய்த மழையில் நெட் போய்விட்டது. எனக்குச் சும்மா உட்காருகிற வித்தை இன்னும் வரவில்லை. ஜன்னல், கதவு, ஜன்னல். "உக்காருடி, பாக்கவே தல சுத்துது" என்றாள் சோபாவிலிருந்து அம்மா. அப்போது துறைமுகம் ஸ்டேஷனில் வண்டி ஊதியது. நான் சோபாவைப் பார்த்தேன், அதற்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். வண்டி நகராவிட்டால் என்ன, ஸ்டேஷன்கள் நகரட்டுமே!

பார்சல் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஆறு போர்டு எழுதியாயிற்று. ஜன்னலுக்குக் குறுக்கே, ஆணியிலிருந்து ஆணிக்குக் கயிறு கட்டி, அதில் போர்டுகள் ஒவ்வொன்றாக ஓட வேண்டும். அதற்கு இரண்டு உருளைகளை மாட்ட அப்பாவின் பவுடர் டப்பாவிலிருந்த மிஞ்சிய ஸ்க்ரூக்கள் கடைசியில் பயன்பட்டுவிட்டன. அப்பாவுக்கு ஒரே பெருமை. ஆன்டோவிடம் போனில் சொன்னேன். "புதுச்சத்திரத்துக்கு பிரேக் இருக்கா?" என்று மட்டும் கேட்டான், அடுத்த மழைக்கு லீவு போட்டு வருவதாகச் சொன்னான்.

இதை எழுதும்போது வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். ஒவ்வொரு நாளும் வானிலைச் செய்தி பார்க்கிறேன். மழை வந்ததும் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைப்பேன். கிள்ளை போகும், பரங்கிப்பேட்டை போகும். புதுச்சத்திரம் போர்டு ஜன்னலுக்கு நேராக வந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அன்றைக்குக் காலையில் நான் எதற்காகப் "போம்மா" என்று சொன்னேன் என்பதை அவளிடம் சொல்லி முடிக்கிற வரை, கயிற்றை விடுவதாக இல்லை.