வெளுப்பாகவே இருந்த துணி

என் மீன் தொட்டிக்கு மேலே, ஆணியில் ஒரு வெள்ளைப் பனியன் துண்டு எப்போதும் தொங்கும். சாயப்பட்டறைகள் நிறைந்த எங்கள் நல்லூர்ப் பக்கம் புதிதாகத் தண்ணீர் வந்தால் அதில் இப்படியொரு துண்டை முக்கிப் பிழிந்து பார்ப்போம். நிறம் ஏறினால் சாயத் தண்ணீர், வெளுப்பாகவே இருந்தால் நல்ல தண்ணீர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டீச்சரம்மா ஞாபகம் வரும்.

அவர் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர், தெற்கத்திப் பக்கத்துக்காரர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அவருடைய ஆய்வுக்கூடத்தைக் கூட்டி, கண்ணாடிச் சாடிகளைக் கழுவி வைப்பேன். சாடிகளில் குட்டி மீன்களை விட்டு, ஒரு வெள்ளைப் பொடியைத் துளியளவு கலந்து, அவை என்ன ஆகின்றன என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவரோடு நான் பேசியதெல்லாம் "சரிங்க" மட்டும்தான். யாராவது முகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்து தறி வேலை நின்றபின், தொட்டியில் ஜிலேபி மீன் வளர்த்து விற்றுத்தான் குடும்பம் நடந்தது. ஒரு கோடையில் போர்க் கிணறு வற்றி, தொட்டித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. மீன் செத்தால் எங்களுக்கு வேறு வழியில்லை. பக்கத்தில் பனியன் பட்டறை வைத்திருந்த தம்பி நல்ல மனதோடுதான் சொன்னார்:

"ஏனுங்க அக்கா, எங்க தண்ணிய உட்டுக்கங்க. சாயமே கெடையாதுங்க. வேர்வை நாத்தம் வராம இருக்கப் பனியனுக்கு ஒரு மாவு கலக்கறோம், அவ்வளவுதான். சும்மா ஓடையில போறதுக்கு உங்க மீனாச்சும் நீந்தட்டும்."

துணியை முக்கிப் பார்த்தேன். வெளுப்பாகவே வந்தது. வீட்டுக்காரர் அப்போதே குழாயை இழுக்கச் சொன்னார். டீச்சரம்மா கலக்கும் வெள்ளைப் பொடி நினைவுக்கு வந்து, எனக்கு அந்த மாவு என்ற சொல் உறுத்தியது. "நாளைக்கு உட்டுக்கலாமுங்க" என்றேன்.

மறுநாள் அந்தத் தண்ணீரை ஒரு குடத்திலும், எங்கள் மீன்குஞ்சு சிலவற்றைத் தூக்குப்போசியிலும் கொண்டுபோய் டீச்சரம்மா மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். ஆய்வுக்கூட உதவியாளர் பார்த்துவிட்டார். "என்னுங்க அக்கா, டீச்சருக்குத் தீர்த்தமும் மீன் கொழம்புமா?" மாணவிகள் சிரித்தார்கள். எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று கையை நீட்டினேன். டீச்சரம்மா தூக்குப்போசி மேல் கை வைத்துக்கொண்டார்.

"இருங்க. அக்கா காரியம் இல்லாம கொண்டுவர மாட்டாங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். "மெதுவாச் சொல்லுங்கக்கா. அவசரமே இல்ல."

தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

ஒரு சாடியில் பட்டறைத் தண்ணீர், பக்கத்தில் நல்ல தண்ணீர் என்று வைத்து இரண்டிலும் என் குஞ்சுகளை விட்டார். மறுநாள் காலையில் நல்ல தண்ணீரில் இருந்தவை துள்ளிக்கொண்டிருந்தன. பட்டறைத் தண்ணீரில் இருந்தவை மேலே வந்து வாயைப் பிளந்தன. சில செத்து மிதந்தன. தண்ணீர் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது.

"நான் இங்க கலக்குற பொடி மாதிரிதான் அதுவும் இருக்கும், துத்தநாகத்துல செய்யறது. அவ்வளவு நுணுக்கம். செவுள்ல போய் ஒட்டிக்கிடும். வேற மருந்தும் இருக்கலாம், பார்க்கணும். ஆனா தொட்டியில விட்டுடாதீங்க" என்றார்.

"துணி வெள்ளையாத்தானுங்க இருந்துச்சு" என்று அந்தத் துண்டைக் காட்டினேன்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பொடியும் வெள்ளதானேக்கா. வெள்ளையில வெள்ள எப்படித் தெரியும்?"

அன்று மாலையே ஸ்கூட்டரில் வந்து பட்டறைத் தம்பியிடம் பேசினார். "நானே கொல்லப் பாத்தனேங்க" என்று தம்பி ஆடிப்போனார். ஓடைக்குப் போன தண்ணீர் உடனே நிற்கவில்லை. ஆனால் தான் வாங்கும் லாரித் தண்ணீரில் எங்கள் தொட்டிக்கும் ஒரு பங்கு விட்டார். மீன்கள் பிழைத்தன, நாங்களும் பிழைத்தோம்.

பிறகு டீச்சரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். போகும்போது ஒரு சாடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போதும் லாரி வந்தால் பழக்கத்தில் துணியை முக்குகிறேன். வெளுப்பாக வந்தாலும் ஆணியில் மாட்டிவிட்டு, சாடியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, குஞ்சுகளை விட்டு, விடியும் வரை பொறுத்திருக்கிறேன். "அதான் துணி வெள்ளையா இருக்குதுல்லங்கம்மா, இது எதுக்குங்க?" என்று லாரிக்காரர் கேட்டால், அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்: "வெள்ளையில வெள்ள எப்படிங்க தெரியும்?"