மாற்றாந்தாய்ப் பூவும் மூத்தாள் சேலையும்

நான் குடியிருக்கும் இந்த ஜெர்மன் ஊரில் மார்ச் மாதம் பிறந்தால் போதும், வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஒரு பூவைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஊதாவும் மஞ்சளுமாக, குட்டி முகம் வைத்த பூ. கல்லறையிலும் அதுதான், கறிக்கடை வாசலிலும் அதுதான். அதன் பெயர் ஷ்டீஃப்ம்யூட்டர்ஷென். குட்டி மாற்றாந்தாய் என்று அர்த்தம். ஒரு பூவுக்கு வைக்கிற பெயரா இது? பக்கத்து வீட்டு ஹில்டா, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஒரு பூவைப் பறித்துத் திருப்பிக் காட்டி எனக்கு வகுப்பே எடுத்தார். பின்னால் இருக்கும் ஐந்து பச்சை இதழ்களும் நாற்காலிகளாம். கீழே அகலமாக இருக்கும் பெரிய இதழ் மாற்றாந்தாய். அவளுக்கு மட்டும் இரண்டு நாற்காலி. இரு பக்கமும் அவள் பெற்ற மகள்கள், ஆளுக்கு ஒன்று. மேலே இருக்கிற இரண்டும் மூத்தாள் மகள்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தப் பூவுக்கு மட்டும் வாய் இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கும்.

நான் முகம் சுளித்ததை ஹில்டா ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் செங்கல் கனத்தில் ஓர் அகராதியோடு வந்து நின்றார். ‘ஷ்டீஃப்’ என்ற சொல்லுக்குப் பழைய காலத்தில் பறிகொடுத்தது என்று அர்த்தமாம். தாயைப் பறிகொடுத்த பிள்ளையைச் சுட்டிய சொல், போகப் போக அந்தப் பிள்ளையை வளர்க்க வந்தவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். அழகாகத்தான் இருக்கிறது நியாயம். பறிகொடுத்தது பிள்ளை, பறித்தது எமன், பேர் கெட்டது மட்டும் வந்தவளுக்கு. நம்மவர்கள் இந்த அளவுக்குக்கூடச் சுற்றி வளைக்கவில்லை. மாற்றான் என்றால் பகைவன், மாற்றாள் என்றால் சக்களத்தி. அந்தப் பகைச் சொல்லிலிருந்தே ஒரு தாயைச் செய்து மாற்றாந்தாய் என்று நிறுத்திவிட்டார்கள். சோறு ஆக்கிப் போட வந்தவளுக்குப் பகையாளி என்று பட்டம்!

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில் எங்கள் ஊர். அங்கே வீட்டுக்குள் யாரும் அந்தச் சொல்லைப் புழங்குவதில்லை. அம்மாவின் தங்கையும் சின்னம்மைதான், அம்மா செத்தபின் அப்பா கட்டிக்கொண்டு வந்தவளும் சின்னம்மைதான். அந்தச் சொல் எங்கள் ஊருக்கு மைக்செட் வழியாக வந்தது. தேர்தல் வந்துவிட்டால் வேட்டி கசங்காத ஒருவர் ஜீப்பில் நின்றுகொண்டு, “இந்தக் கரிசல் மண்ணை மாற்றாந்தாய் மனப்பான்மையோடு நடத்துகிறார்கள்” என்று முழங்குவார். மழை பெய்யாததற்கும் மாற்றாந்தாய், பஸ் வராததற்கும் மாற்றாந்தாய். ஜெயித்தபின் அவரும் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கீழே நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. எனக்குப் பத்து வயது. அம்மா இறந்து மூன்று வருஷம், சின்னம்மை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சுமங்கலியாகச் செத்த பெண்ணுக்குத் தை மாதம் புதுச்சேலை எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்துப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தச் சேலை வருஷம் முழுக்கப் பெட்டியில் இருக்கும். அடுத்த தையில் புதிது உள்ளே போகும், பழையது வெளியே வரும். வெளியே வந்ததை வீட்டுக்கு வந்த இளையாள் உடுத்த வேண்டும். மூத்தாள் மனம் குளிர்ந்து கொடுத்த மாதிரி. சின்னம்மைக்கு வருஷத்துக்கு ஒரு நல்ல சேலை என்றால் அது இதுதான். தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த கூலியில் அவளே எடுப்பாள். அதையும் முதலில் செத்தவள்தான் உடுத்த வேண்டும். இதெல்லாம் பத்து வயதுக் கழுதைக்கு எங்கே தெரியும்? அந்தத் தையில் பெட்டியைத் திறந்து, அரக்குச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு சின்னம்மை சோறு பரிமாற வந்தாள். பந்தியில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்கம்மை சேலைய அவுத்துப் போடு! நீ மாற்றாந்தாய் மனப்பான்மை!” என்று கத்தினேன்.

மனப்பான்மை என்றால் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பந்தி முழுக்கப் புரிந்துகொண்டது. அப்பாவின் அக்கா, என் அத்தை, “பச்சப்புள்ள வாயில சாமி வந்து சொல்லுதுட்டீ” என்று என்னை அணைத்துக்கொண்டாள். சோற்றில் உப்பில்லை என்றால் மட்டும் வாய் திறக்கிற அப்பா, அன்றைக்கு உப்பு சரியாக இருந்ததால் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். சின்னம்மை உள்ளே போய், பழைய நூல் சேலைக்கு மாறிவந்து, விட்ட இடத்திலிருந்து பரிமாறினாள். அதற்குப்பின் அவள் அந்தப் பெட்டிச் சேலை எதையும் உடுத்தவில்லை. நான் அவளைச் சின்னம்மை என்றும் கூப்பிடவில்லை. “இந்தா”, “சோறு”, “வாரேன்” என்று மொட்டை மொட்டையாகப் பேசியே படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் முடித்தேன், விமானம் ஏறினேன். பெயர் சொல்லாமலே ஒரு மனுஷியிடம் இத்தனை வருஷம் சோறு வாங்கித் தின்ன முடியும் என்று நிரூபித்த பெருமை எனக்கு உண்டு.

இங்கே வந்த பிறகு எனக்குப் பிள்ளை உண்டானது. மசக்கையில் எதைத் தின்றாலும் வெளியே வந்தது. அப்போது எனக்கு வேண்டியிருந்தது அவள்தான், வேறு யாருமில்லை. அவள் வருவாளா என்பதுதான் பயம். போனில் கேட்டபோதும் அவளை எதுவும் கூப்பிடாமல், “இங்கன வர முடியுமா?” என்றேன்.  “என்னைக்குப் பொறப்படணும்?” என்றாள். செய்தி எட்டியதும் அத்தை போன் போட்டாள். “பேறுகாலம் பாக்க ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயாட்டி? பெறாதவளுக்குப் பேறுகாலத்தப் பத்தி என்ன தெரியும்?” என்றாள். சின்னம்மை வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இரண்டு பக்க நாற்காலியிலும் உட்காரவைக்க அவளுக்கு மகள்களே கிடையாது.

அழைப்புக் கடிதத்துக்காக வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் உறவு என்ற இடத்தில் ‘முட்டர்’, அதாவது தாய் என்று எழுதியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பிறப்புச் சான்றிதழையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதில் வேறு பெயர் இருக்கிறதே?”

“அவர் இறந்துவிட்டார். இவரும் தாய்தான்.”

“அப்படியானால் இரண்டு தாய்களா?” என்று கேட்டார். எங்கள் ஊரில் அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை என்பதால் நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு, “ஓ, நவீனமான குடும்பம்” என்றார். விளக்கிச் சொன்ன பிறகு பேனாவை எடுத்து, நான் எழுதியதை அடித்து, மேலே ‘ஷ்டீஃப்முட்டர்’ என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிக்க இவன் யார்? வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். வாயால் ஒரு நாள்கூடக் கூப்பிடாதவளுக்கு வருகிற ரோஷத்தைப் பாருங்கள்!

பேறுகாலம் நெருங்கியபோது சின்னம்மை வந்து இறங்கினாள். முறுக்கும் கருப்பட்டியும் இருக்கும் என்று பெட்டியைத் திறந்தேன். சேலைகள். அடியில் அந்த அரக்குச் சேலை, மேலே ஒவ்வொரு தைக்கும் ஒன்றாகப் பதினைந்து, ஆக மொத்தம் பதினாறு. மடிப்புக் கலையாமல் இருந்தன.

“உங்கம்மைக்கு வச்சது. நீதான கேட்ட. ஒன் கையில ஒப்படச்சிட்டா என் பாரம் தீந்துச்சி” என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மகள் பிறந்து பதினாறாம் நாள், புத்தக அலமாரியில் அம்மா படத்துக்கு முன்னால் அரக்குச் சேலையை வைத்துக் கும்பிட்டேன். எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். படைத்த சேலையைக் கையில் கொடுத்தால் மறுக்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான்.

“சின்னம்மை, உடுத்துங்க.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “என்னட்டி சொன்ன?” என்றாள். திரும்பவும் சொன்னேன். முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அரக்குச் சேலைக்கு மேலே என் கணவரின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பிள்ளை வண்டியைத் தள்ளியபடி அந்தப் பூ ஜன்னல்களைக் கடந்து போனாள். ஹில்டா என் பக்கம் குனிந்து, “உன் ஷ்டீஃப்முட்டரா?” என்று மெதுவாகக் கேட்டார், ஏதோ வியாதியை விசாரிக்கிற மாதிரி. “சின்னம்மை” என்றேன். பெயர் என்று நினைத்துக்கொண்டு, கடைசிவரை “ஃப்ராவ் சின்னம்மை”, அதாவது திருமதி சின்னம்மை என்றே கூப்பிட்டார். அவர் அகராதியைவிட அது எவ்வளவோ தேவலை.

மூன்று மாதத்தில் விசா முடிந்தது. மிச்சச் சேலைகளை அவள் பெட்டியில் அடுக்கப் போனேன். தடுத்துவிட்டாள்.

“இங்கனயே கெடக்கட்டும். தைக்குத் தை ஒண்ணாக் கொண்டாந்து ஒன் கையால குடு, உடுத்துதேன். அப்பந்தான நீ வருவ?”

கட்டாயம் வருவேன் என்று பிள்ளை தலையில் கைவைத்துச் சொன்னேன். இரண்டு தை வந்து போய்விட்டது. ஒரு வருஷம் லீவு இல்லை, ஒரு வருஷம் டிக்கெட் விலை அதிகம். ஜீப்பில் நின்று முழங்கியவருக்கும் எனக்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை. சின்னம்மை அங்கே அந்த ஒரே அரக்குச் சேலையைத் துவைத்துத் துவைத்து உடுத்துகிறாளாம். இங்கே என் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள், பதினைந்து சேலையும் பதினைந்தாகவே இருக்கின்றன.