ஓடும் படகில் ஒரு ட்ரெயினிங்

டீசல் மணமும் உப்புக் காற்றும் ஒன்றாக மூக்கில் ஏறும்போதே கௌரிக்கு முகம் வெளுத்துவிடும். குறிகட்டுவான் துறையைவிட்டுப் படகு இன்னும் கிளம்பியே இருக்காது...

நெடுந்தீவில் ஓர் அரச அலுவலகத்தில் அப்போது எனக்கு வேலை. காலையில் வெளிக்கிடும்போது என் சின்ன மகள் நித்திரை. திரும்பி வரும்போது அழுது களைத்திருப்பாள். இடமாற்றம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

"புதுசா வாற ஆள் வேலை பழகினால்தான் உம்மை விடலாம்" என்று மேலதிகாரி கையை விரித்துவிட்டார்.

முன்பு வந்த இரண்டு பேரும் அலையைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். அடுத்து வந்தவள்தான் கௌரி. வவுனியாப் பக்கம். குளத்தைத் தவிர வேறு தண்ணீர் காணாதவள். இவளும் போய்விட்டால் என் கதி அதோகதிதான்!

அலுவலகத்தில் சொல்லிக்கொடுக்க நேரமே கிடைக்காது. பின்னேரப் படகுக்கு ஓடும்வரை சனம் நெருக்கும். அதனால் ட்ரெயினிங் எல்லாம் படகில்தான். எஞ்சின் இரைச்சலில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள், "ஆக்கள் கோவமா வந்தால் என்ன சொல்லுவீர்?" என்று கேட்டேன். எதிரே இருந்த நெடுந்தீவு ஐயா ஒருவர் அதைக் கேட்டுத் தானாகவே களத்தில் குதித்துவிட்டார்.

"தங்கச்சி, எத்தினை தரம் அலையிறது! இண்டைக்கும் நாளைக்கு வா எண்டால் நான் எழும்பவே மாட்டன்!"

"கோவிக்காதேங்கோ ஐயா, முதல்ல இருங்கோ..." என்று தொடங்கிய கௌரி, அவசரமாக ஷொப்பிங் பையை முகத்தில் பிடித்து வாந்தி எடுத்தாள்.

"என்னைக் கண்டு சத்தி எடுத்த முதல் உத்தியோகத்தர் நீர்தான் பிள்ளை!"

படகே சிரித்தது. கௌரியும்தான்... கண்ணில் தண்ணீரோடு. யாரோ ஓர் அக்கா, குமட்டலுக்கு மணக்கச் சொல்லித் தேசிக்காய் ஒன்றை அவள் கையில் வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் யாராவது ஒருவர் கோபக்கார ஆளாக மாறுவார். அவளை மடக்குவதில் அவர்களுக்குள் போட்டி வேறு! கௌரி மெல்ல மெல்லத் தேறினாள். எனக்கு மாற்றமும் கிடைத்தது.

"பிள்ளையை எங்களிட்டை விட்டிட்டு நீங்கள் தப்பி ஓடுறியள், என்ன?" என்றார் அந்த ஐயா, கடைசி நாள்.

"ஓம் ஐயா!" என்று வாய் நிறையச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இப்போது யாழ்ப்பாணத்தில் புதியவர்களைப் பழக்குவதே என் வேலை. ஏசி ஹோல், பெரிய ஸ்கிரீன், இடையில் ரோல்ஸும் தேநீரும். கோபக்கார ஆளாக நடிக்கச் சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். சிரிப்பே இல்லை.

மகளுக்காகத்தான் வந்தேன். அதில் ஒரு குறையுமில்லை, தினமும் அவளோடு இருந்து சாப்பிடுகிறேன். ஆனாலும் சோளகக் காற்று பலமாக அடிக்கும் காலைகளில், படகு ஓடுதா என்று கௌரிக்குப் போன் எடுத்துவிடுவேன்.

போன கிழமையும் எடுத்தேன்.

"ஓம் அக்கா, ஏறிட்டம். பிறகு கதைக்கிறன்... புதுசா ஒரு பிள்ளை வந்திருக்கிறா, பழக்க வேணும்" என்று வைத்துவிட்டாள்.

பெயர்கூடத் தெரியாத அந்தப் பிள்ளைமேல் எனக்கு அப்படியொரு பொறாமை.