பிலோ டீச்சரின் எழுத்துப் பலகை

கொஞ்சம் இனிப்பாக, ஜில்லென்று மூக்கில் ஏறும் ஒரு வாசனை... அக்ரிலிக் ஒட்டுகிற சால்வென்ட் பாட்டிலைத் திறந்ததும் அதுதான் முதலில் வரும். ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் தலை கனக்கும்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. தி.நகரில், மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் இருந்த அக்ரிலிக் பட்டறையில் வேலை. நேம் போர்டு, ஷீல்டு, நகைக்கடைகளுக்கு டிஸ்ப்ளே பெட்டி... வெட்டுவது சேகர், ஒட்டுவது நான்.

ஒரு நாள் சாந்தோமிலிருந்து சேவியர் சார் வந்தார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். கையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு படம்.

அவர் மனைவி பிலோமினாவும் டீச்சர்தான், தமிழ். மூன்று மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து பேச்சும் கைகாலும் போய்விட்டன. கண் மட்டும்தான் நன்றாக அசைகிறது.

“நான் பேசறது எல்லாம் புரியுதும்மா. ஆமான்னா ஒரு வாட்டி கண்ண மூடுவா. ஆனா நான் கேக்கறதுக்குத்தானே பதில் சொல்ல முடியும்? அவளா ஒண்ணு சொல்லணும்னா...”

அதற்குத்தான் அந்தப் படம். கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக் பலகை. அதில் உயிரெழுத்து பன்னிரண்டும் மெய்யெழுத்து பதினெட்டும் தள்ளித் தள்ளி. அதை இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, டீச்சர் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று அவர் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

“சார், உங்க பக்கம் எழுத்தெல்லாம் உல்ட்டாவா தெரியுமே?”

“முப்பது வருஷம் பசங்க கையெழுத்த படிச்சவன்மா நான். இது ஒரு கஷ்டமா?”

கைப்பிடிக்கு, பழைய பிளாஸ்டிக் மக்கின் பிடியை அறுத்துக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் ஒரு சொட்டு சால்வென்ட் விட்டுப் பார்த்தேன். சும்மா நின்றது... அப்படியே காய்ந்துபோனது.

“இன்னா, ஒட்டலியா? பைப்பு ஒட்ற சிமென்ட்டு கீதே, அத்த தடவு” என்றான் சேகர்.

“அது பி.வி.சி.க்குப்பா. இந்த மக்கு பிளாஸ்டிக் எதுலயும் கரையாது. கரையலன்னா ஒட்டாது.”

பிடியையும் அக்ரிலிக்கிலேயே செய்து ஒட்டினேன். அதுவரை சரி.

எழுத்துகளில்தான் தப்புப் பண்ணினேன். முப்பதும் சின்னச் சின்னதாய், கறுப்பு அக்ரிலிக்கில் வெட்டியவை. சால்வென்ட் தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு சொட்டு அதிகமானால் பலகையில் கறை விழுந்துவிடும். பயந்துபோய், ஸ்டேஷனரி கடையிலிருந்து சூப்பர் க்ளூ வாங்கி எழுத்துக்கொரு சொட்டு வைத்து அழுத்திவிட்டேன். ஒரே மணி நேரத்தில் வேலை முடிந்தது. உடனே பேப்பரில் சுற்றிக் கொடுத்தும் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து சார் அதே பேப்பரோடு வந்தார். பலகையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

“என் கண்ணு தெரியுதாம்மா?”

ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளையாய்ப் புகை படிந்திருந்தது. அந்தப் பக்கம் மங்கலாக ஒரு முகம். அவ்வளவுதான்.

“அவ பாத்துக்கிட்டே இருந்தா... எந்த எழுத்துன்னுதான் எனக்குத் தெரியல. கடைசில அவ கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

சூப்பர் க்ளூவின் ஆவி அப்படித்தான் வெள்ளையாய்ப் படியும். எனக்குத் தெரியாததில்லை... சோம்பேறித்தனம். சால்வென்ட் என்றால் இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிட்டு, ஆவியாகிக் காற்றில் போய்விடும். நடுவில் எதுவும் மிஞ்சாது.

மூன்று நாள் கழிவுத் துண்டுகளில் பழகினேன். மெல்லிய ஊசி போட்ட சிரிஞ்சை எழுத்தின் ஓரத்தில் தொட்டால் போதும். திரவம் தானாகவே அடியில் ஓடிப் பரவும். ஈரக்காற்றில் இணைப்பு பால்போல வெளுத்துவிடும் என்பதால், மழை விட்டு நல்ல வெயில் அடித்த நாளாகப் பார்த்து, புதுப் பலகையில் முப்பதையும் ஒட்டினேன். சேகர் மூச்சுக்கூட விடாமல் பக்கத்தில் நின்றான்.

இந்த முறை நானே சாந்தோமுக்கு எடுத்துப் போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் பிலோ டீச்சர். சார் பலகையைத் தூக்கிப் பிடித்தார். டீச்சரின் கண் மெதுவாக நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது.

“க்... சரியா?”

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

“உ... கு. ம், அடுத்தது? ள்... இ. குளி! குளிக்கணுமா பிலோ?”

கண் மூடவில்லை. மறுபடி நகர்ந்தது.

“ர்... குளிர்?”

இறுக்கமாக மூடித் திறந்தார்.

மேலே ஃபேன் ஃபுல் ஸ்பீடில் சுற்றிக்கொண்டிருந்தது.

“அய்யோ... வேர்க்குமேன்னு நான்தான் ஃபேன வெச்சேன் பிலோ. மூணு மாசமாவா?”

கண் மறுபடியும் மூடித் திறந்தது. சார் ஓடிப்போய் ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரின் வாய் ஓரம் மட்டும் ஒரு பக்கமாய் லேசாக ஏறியிருந்தது.

அதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் அடையாறில் ஒரு பிசியோதெரபி சென்டருக்கு முழங்கால் வலிக்காகப் போயிருந்தேன். அங்கே ஓர் அம்மா, அவரும் பேசமுடியாதவர். எதிரில் ஒரு டேப்லெட். அவர் கண் போகிற எழுத்தை அதுவே கண்டுபிடித்து, பெண் குரலில் சத்தமாகச் சொல்கிறது... “தண்ணி வேணும்.” எவ்வளவு வேகம்! எவ்வளவு சுலபம்! பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் மகன் ஜன்னல் பக்கம் போன் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பாமலே, “தோ, தரேம்மா” என்றார். பாவம், அவருக்கு என்ன வேலையோ...

சேவியர் சாரால் அப்படித் திரும்பாமல் பதில் சொல்லியிருக்க முடியாது. ‘குளிர்’ என்ற ஒரு சொல்லுக்கே ஐந்து தடவை மனைவியின் கண்ணைப் பார்க்கவேண்டி இருந்தது.